பொதியில் யாருடைய பெயர்?

தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடவேளை. வலையமைப்பு பற்றிய அலகைத் தொடங்கிய எமது ஆசிரியை கரும்பலகையில் ‘பொதி’ என்று எழுதினார். கணினிகளுக்கிடையே தகவல் சிறு சிறு பொதிகளாகவே பயணம் செய்கிறது என்று அவர் விளக்கத் தொடங்கும் முன்பே பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

“உலர் உணவுப் பொதியா ரீச்சர்?”

வகுப்பே சிரித்தது. ரீச்சரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு என்னை உறுத்தத் தொடங்கியது. பொதி என்று எழுதியவுடன் இருபது மாணவியருக்கும் ஒரே பொருள்தான் நினைவுக்கு வந்திருக்கிறது. அரிசி, மா, பருப்பு, சீனி, ஒரு போத்தல் எண்ணெய். வெளியே ஒரு நிறுவனத்தின் பெயர். வன்னியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு சிறிய சொல்லுக்குள் எமது ஊர்களின் கதை எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதையும், அந்தச் சொல்லை நாம் இன்று பயன்படுத்தும் விதம் சரிதானா என்பதையும் பற்றி எனது கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

‘பக்கற்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சிறிய கட்டு என்பதே அடிப்படைப் பொருள். முற்காலத்தில் அரச கடிதங்களை ஒன்றாகக் கட்டி அனுப்பிய கட்டுக்கு அந்தப் பெயர் இருந்தது. அக்கட்டுகளைச் சுமந்து சென்ற கப்பல்களும் ‘பக்கற்’ கப்பல்கள் என்றே அழைக்கப்பட்டன. பின்னர் தொழிலாளியின் சம்பளத்தை வைத்துக் கொடுக்கும் உறைக்கும் அதே சொல் வந்தது. கடிதம், கூலி, உணவு என்று எதைக் கட்டினாலும் ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல் போதும்.

எமது பேச்சிலோ அந்த வேலையை மூன்று சொற்கள் பங்கிட்டுக்கொண்டுள்ளன. கடையில் வாங்கினால் அது பக்கற். பால்மா பக்கற், பிஸ்கற் பக்கற், தேயிலைப் பக்கற் என்கிறோம். சோறு கட்டினால் அது பார்சல். உதவியாக வந்தால் அது பொதி. இவை தவிர, பழைய கொப்பித் தாளைச் சுருட்டிக் கடலை போட்டுத் தரும் சரை ஒன்றும் உண்டு. அது இப்போது குறைந்து வருகிறது.

இவற்றுள் பொதி மிகப் பழைய தமிழ்ச் சொல். பொதிதல் என்றால் உள்ளே அடக்கி மூடுதல். கருத்துப் பொதிந்த பேச்சு என்கிறோம். வழிப்பயணத்துக்குக் கட்டிச் செல்லும் சோற்றுக்குப் பொதிசோறு என்ற அழகான பெயர் இருந்தது. அதேவேளை மாட்டின் மீதும் கழுதையின் மீதும் ஏற்றும் சுமைக்கும் பொதி என்றே பெயர். ஆகவே அந்தச் சொல்லுக்குள் அன்பும் இருக்கிறது, பாரமும் இருக்கிறது. எந்தப் பொருள் வெளியே வரும் என்பது கட்டுகிற கையைப் பொறுத்தது.

கணினிக்குள் இந்தச் சொல் வந்த கதையும் சுவையானது. 1960களின் நடுப்பகுதியில் பிரித்தானியாவின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் பணியாற்றிய டொனால்ட் டேவிஸ் என்ற அறிஞர், நீண்ட தகவலைச் சிறு துண்டுகளாகப் பிரித்து அனுப்பினால் ஒரே வலையமைப்பைப் பலர் பகிர்ந்துகொள்ளலாம் என்று கண்டார். அமெரிக்காவில் போல் பரன் என்பவரும் தனியாக அதே சிந்தனைக்கு வந்திருந்தார். அந்தத் துண்டுகளுக்கு டேவிஸ் வைத்த பெயர்தான் ‘பக்கற்’. அதைத் தெரிவு செய்யும் முன்னர், வேறு மொழிகளிலும் இதைப் பொருள் கெடாமல் சொல்ல முடியுமா என்று மொழியியல் அறிந்த ஒருவரிடம் கேட்டறிந்தாராம். நாம் தமிழில் அதைப் பொதி என்று படிப்பதைப் பார்த்தால் அவரது தெரிவு சரியானதே.

கணினிப் பொதி எப்படி வேலை செய்கிறது என்று படித்தபோதுதான் எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. ஒவ்வொரு பொதியின் முன்பகுதியிலும் ஒரு தலைப்பு இருக்கும். அதில் அனுப்புநரின் முகவரி இருக்கும், பெறுநரின் முகவரியும் இருக்கும். பெறுநரின் முகவரி இல்லாத பொதி எங்கும் போய்ச் சேராது. எமது ஊருக்கு வரும் பொதிகளை நினைத்துப் பார்த்தேன். அவற்றில் அனுப்புநரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. சின்னம் இருக்கிறது. சில வேளை அவருடைய படமும் இருக்கிறது. பெறுநருக்கு மட்டும் அங்கே இடமில்லை.

பெறுநரின் முகவரி உள்ள பொதி எப்படி இருக்கும் என்பதற்கு எனது வீட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. நான் வார நாள்களில் வவுனியா பட்டாணிச்சூரில் சாச்சி வீட்டில் தங்கிப் படிக்கிறேன். எங்கள் வீடு முல்லைத்தீவு மாவட்டத்தில், தண்ணீரூற்றுப் பக்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்குப் புறப்படும்போது உம்மா ஒரு சோற்றுப் பார்சல் கட்டித் தருவார். வாழையிலையை அடுப்பில் வாட்டி, சோற்றுக்கு மேலே பருப்பும் பொரித்த முட்டையும் வைத்து, கருவாட்டுப் பொரியலைத் தனியாக ஓர் இலைத் துண்டில் சுற்றி உள்ளே வைப்பார். சாச்சிக்கென்று இரண்டு பொரித்த மிளகாயும் இருக்கும். கத்தரிக்காய் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் அது ஒருபோதும் இருக்காது. வெளியே எவருடைய பெயரும் எழுதப்படவில்லை. ஆனால் பிரித்துப் பார்க்கிற எவருக்கும் இது யாரோ ஒருவருக்காகக் கட்டப்பட்டது என்று தெரியும்.

உம்மம்மாவின் கதை வேறு. 1990 ஒக்டோபர் மாத இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய மாவட்டங்களிலிருந்தும் வவுனியாவின் சில பகுதிகளிலிருந்தும் 70,000 இற்கும் மேற்பட்டோர் தமது ஊர்களை விட்டுப் போனார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் தங்கினார்கள். அவர்களில் எனது உம்மம்மாவும் ஒருவர். கையில் ஒரு சீலை மூட்டை. அதற்குள் குர்ஆன், காணி உறுதி, பிள்ளைகளின் உடுப்புகள், ஒரு சிறிய அரிசி முடிச்சு. அவ்வளவுதான்.

புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்த முதல் நாள்களில் அந்த ஊர் மக்கள் தங்கள் வீடுகளில் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்ததை உம்மம்மா இன்றும் நன்றியோடு சொல்வார். பின்னர் கிடுகுக் கொட்டில்களும் நிவாரணமும் வந்தன. சில மாதங்கள் என்று நினைத்த வாழ்க்கை இருபது வருடங்கள் ஆனது. எனது உம்மாவும் வாப்பாவும் அங்கேதான் வளர்ந்தார்கள். நானும் அங்கேதான் பிறந்தேன். யுத்தம் முடிந்த பிறகு நாங்கள் ஊர் திரும்பியபோது நான் நடை பழகிய குழந்தை.

“அந்தப் பொதிகளைப் பற்றிச் சொல்லுங்க உம்மம்மா” என்று ஒருநாள் கேட்டேன்.

“என்னத்தச் சொல்ற மகள்? ஊர விட்டு வெளிக்கிடக்குள்ள கட்டின மூட்டைய நான்தான் கட்டின. அதுல என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியும். அதுக்குப் பிறகு வந்ததெல்லாம் வேற ஆக்கள் கட்டினது. பிரிச்சாத்தான் தெரியும்” என்றார்.

எங்கள் வேலிக்கு அப்பால் ஓர் அன்ரி இருக்கிறார். 2009 இல் இறுதி யுத்தத்திலிருந்து தப்பி வந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தவர். அந்த ஆண்டில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் இவ்வாறு முகாம்களில் வைக்கப்பட்டிருந்தார்கள். மெனிக் பாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. தொடக்க நாள்களில் அங்கே சமைத்த சாப்பாடு பார்சல்களாக வாகனத்தில் வந்ததாம். வாகனத்தைச் சுற்றிச் சனம் முண்டியடித்ததாம்.

“மேல நிண்டு எறிஞ்சவங்கள் பிள்ளை. என்ர மகன் ஓடிப்போய் ஏந்திக்கொண்டு வந்தவன். பிரிச்சுப் பார்த்தால் வாழையிலையில வடிவாச் சுத்திக் கட்டியிருந்தது. கட்டினவை எங்களை மனுசரா நினைச்சுத்தான் கட்டியிருக்கினம். எறிஞ்சவைதான் நினைக்கேல்லை” என்றார் அன்ரி.

உம்மம்மாவும் அன்ரியும் வேலியருகில் நின்று கதைக்கும்போது நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருவரை ஊரை விட்டு அனுப்பிய யுத்தம் மற்றவரை முகாமுக்கு அனுப்பியது. நிவாரணப் பருப்பு எவ்வளவு நேரம் அவிந்தாலும் வேகாது என்பதில் மட்டும் இருவருக்கும் முழு உடன்பாடு. அதைச் சொல்லிச் சேர்ந்து சிரிப்பார்கள்.

அன்ரியின் அந்த வார்த்தைகளைக் கேட்ட பிறகு எனக்கு ஒரு விடயம் தெளிவானது. ஒரு பொதியில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று கட்டுவது, மற்றது கொடுப்பது. முதலாவதை அன்போடு செய்துவிட்டு இரண்டாவதில் அதை நாம் கெடுத்துவிடலாம். இதை நான் வேறு எவர் மீதும் குற்றமாகச் சொல்ல வரவில்லை. கெடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

சென்ற ஆண்டு ரமழானுக்கு முன்னர் எமது மாணவியர் மன்றம் பணம் சேர்த்து வசதி குறைந்த மாணவியருக்குப் பொதிகள் கொடுத்தது. நல்ல நோக்கம். எல்லோரும் உழைத்தோம். படம் எடுக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. வரிசையில் வந்த கீழ் வகுப்புத் தங்கை ஒருத்தி பொதியை வாங்கியவுடன் அதைத் தன் முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்தாள். பாரத்தினால் அப்படிப் பிடிக்கிறாள் என்று நினைத்தேன்.

“கொஞ்சம் கீழே இறக்குங்க தங்கச்சி, முகம் தெரியல்ல” என்றேன்.

அவள் இறக்கினாள். நான் படம் எடுத்தேன். அது முகநூலிலும் போடப்பட்டது. நிறைய விருப்பங்கள் வந்தன. நான் மகிழ்ச்சியாகத்தான் இருந்தேன்.

சில மாதங்களுக்குப் பிறகு எங்கள் ஊரில் வேறொரு தரப்பினர் பொதி கொடுத்தார்கள். வாப்பாவுக்குக் கடல் தொழில் சரியில்லாத காலம் அது. உம்மா போய் வாங்கி வந்தார். இரண்டு நாள் கழித்து எனது தோழி ஒருத்தி “உங்கட உம்மாவா இது?” என்று தொலைபேசியை நீட்டினாள். படத்தில் உம்மா நின்றார். பக்கத்தில் கொடுப்பவர்கள் ஐந்து பேர். எல்லோரும் கமராவைப் பார்க்கிறார்கள். உம்மா மட்டும் நிலத்தைப் பார்க்கிறார். பொதி அவருடைய நாடி வரை உயர்ந்திருந்தது.

அப்போதுதான் அந்தத் தங்கை ஏன் பொதியை உயர்த்தினாள் என்று எனக்கு விளங்கியது.

அன்று வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து உம்மாவிடம் கோபித்துக்கொண்டேன். “இனி அங்கெல்லாம் போக வேணாம்” என்றேன். உம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “போட்டோவுக்காக எண்ணெயை வேணாமெண்டு சொல்ல ஏலுமா மகள்? தம்பிக்கு ரொட்டி சுட்டுக் குடுக்க மா வேணும்தானே” என்றார். எனக்குப் பதில் இருக்கவில்லை.

ஆகவே பொதிகளே வேண்டாம் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. பசியுள்ள வீட்டுக்கு அரிசி போக வேண்டும். 2020 இல் கொரோனாவின்போதும் 2022 இல் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றபோதும் பொதிகள் எத்தனையோ வீடுகளைக் காப்பாற்றின. கொடுப்பவர்களின் மனத்தையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கொடுக்கும் முறையை நாம் மாற்ற முடியும். அதற்கு வேண்டிய பாடம் எமது வகுப்பறையிலேயே இருக்கிறது.

கணினிப் பொதி பெறுநரைச் சென்றடைந்ததும் என்ன நடக்கிறது? ரீ.சீ.பீ. என்னும் நெறிமுறைப்படி, பெறுநர் ஒரு சிறிய பதிலை அனுப்புகிறார். அந்தப் பதில் அனுப்பியவருக்கு மட்டுமே உரியது. உலகத்துக்கு அறிவிக்கப்படுவதில்லை. அதில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணின் பொருள், “இதுவரை கிடைத்துவிட்டது, இனி எனக்கு வேண்டியது இது” என்பதாகும்.

இந்தச் சிறிய பதிலில் நாம் கற்றுக்கொள்ள இரண்டு விடயங்கள் உண்டு.

முதலாவது, கிடைத்ததற்கு அத்தாட்சி வேண்டும், ஆனால் அதற்கு முகம் வேண்டியதில்லை. படம் எடுப்பதை ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணத்தை நான் அறிவேன். வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பணம் அனுப்புபவர்கள் கணக்குக் கேட்பார்கள். படம் இல்லாவிட்டால் பொதிகள் வேறெங்காவது போய்விடும் என்ற பயமும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு படம் உண்மையில் எதை நிரூபிக்கிறது? ஒரு பெண் ஒரு பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்பதை மட்டும்தான். நூறு பொதிகளில் எத்தனை உரிய இடத்துக்குப் போயின என்று படம் சொல்லாது. கையொப்பமிட்ட பட்டியல் சொல்லும். கடைப் பற்றுச்சீட்டு சொல்லும். கட்டி அடுக்கிய பொதிகளைப் படம் எடுக்கலாம், கட்டிய கைகளையும் எடுக்கலாம். பட்டியலை அனுப்பியவர் மட்டும் பார்த்தால் போதும். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதபடி கொடுக்கும்படி சிறு வயதிலிருந்தே எமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. அப்படியிருக்க முகநூல் முழுவதும் அதை அறிய வேண்டிய தேவை என்ன?

இரண்டாவது விடயம் இதைவிட முக்கியமானது. பெறுநரின் பதிலில் அடுத்த தேவையும் இருக்கிறது. முப்பது வருடங்களுக்கு மேலாக வன்னி மக்களுக்குப் பொதிகள் வருகின்றன. “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று யாராவது கேட்டார்களா என்று உம்மம்மாவிடம் கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்தார். “ஒரு தடவ ஒரு நேர்ஸ் கேட்டா. மூக்குக் கண்ணாடி வேணுமெண்டன்” என்றார். அந்த ஒரு கேள்வியை அவர் இத்தனை வருடமும் நினைவில் வைத்திருக்கிறார்.

மாணவியராகிய எமது தேவைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் சில நாள்கள் பாடசாலைக்கு வராத தோழிகள் எம்மிடையே இருக்கிறார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். கடையில் சுகாதார அணையாடைப் பக்கற்றை வாங்கினால் கடைக்காரர் அதைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுத் தருவார். அது இல்லாமல் வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு நாம் கொடுப்பது ஐந்து கிலோ மா. 2024 ஆம் ஆண்டில் கல்வி அமைச்சு வசதி குறைந்த பாடசாலைகளின் மாணவியருக்கு அணையாடை வாங்குவதற்கென 1,200 ரூபா வவுச்சர் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. வவுச்சரில் எனக்குப் பிடித்தது, மாணவி தானே கடைக்குப் போய்த் தனக்கு ஏற்றதைத் தெரிவு செய்யலாம் என்பதே. பொதியை வேறொருவர் கட்டுகிறார். வவுச்சரை வைத்து நாமே கட்டிக்கொள்கிறோம்.

எனவே எமது மாணவியர் மன்றத்திடம் நான் கேட்பது பெரிய விடயம் அல்ல. இந்த ரமழானில் பொதிகளை மேடையில் வைத்துக் கொடுக்க வேண்டாம். பெற்றோர் தமக்கு வசதியான நேரத்தில் வந்து எடுத்துச் செல்லட்டும். முகங்களைப் படம் எடுக்க வேண்டாம். கணக்கை எழுதி, பெயர்கள் இல்லாமல், அறிவித்தற் பலகையில் போடுவோம். பொருள்களை வாங்கும் முன்னர் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பெட்டி வைப்போம். வகுப்பிலுள்ள அனைவரும், உதவி தேவைப்படுபவரும் தேவைப்படாதவரும், மடித்த ஒரு தாளை அதில் போடுவோம். தேவை உள்ளவர் தமது பெயரையும் அடுத்து வேண்டியதையும் எழுதட்டும். மற்றவர்கள் வெறுந்தாளைப் போடட்டும். எந்தத் தாளில் எழுத்து இருக்கிறது என்று பொறுப்பாசிரியை ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாமல் இருந்தால் இந்தக் கட்டுரையும் ஒரு படம் போலவே ஆகிவிடும். ஆகவே சென்ற வாரம் இடைவேளையின்போது அந்தத் தங்கையைத் தேடிப் போனேன். நான் எடுத்த படத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். படத்தை அகற்றச் செய்துவிட்டேன் என்றும் சொன்னேன்.

“பரவாயில்ல ராத்தா” என்றாள். போகத் திரும்பியவள் நின்றாள்.

“இந்த முறையும் குடுப்பீங்களா?”

“குடுப்போம், இன்ஷா அல்லாஹ்.”

“அரிசி எங்கட வீட்டுல இருக்கு. அதுக்குப் பதிலா சாதாரண தரக் கணிதக் கடந்தகால வினாத்தாள் புத்தகம் ஒண்டு தர ஏலுமா?”

மன்றத்தின் அடுத்த கூட்டத்துக்கு நான் கொண்டுபோகும் தாளில் இப்போது அந்த ஒரு வரிதான் எழுதப்பட்டிருக்கிறது.